கல்பாலத்தில் நின்ற ஜட்கா

ஜட்கா மறுபடியும் நின்றுவிட்டது.

முன்னால் பச்சைத் தோல் ஏற்றிய மாட்டு வண்டி. பின்னால் தோல் பதனிட உதவும் ஆவாரம்பட்டை மூட்டைகளோடு இன்னொரு வண்டி. எதிரே, கல்பாலத்தின் மேல், தோல் ஷாப்புகளில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்புகிற காலி வண்டிகள். பாலத்தில் ஒரு வண்டி தாராளமாகப் போகலாம். இரண்டாவது வண்டி எதிரே வந்தால் இரண்டும் நிற்க வேண்டியதுதான். மாடுகள் நுரை தள்ளின. வண்டிக்காரர்கள் ஒருவர் வம்சத்தை மற்றவர் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். உப்புப் போட்ட தோலின் நாற்றம் வெயிலில் ஏறிக்கொண்டே இருந்தது.

"இறங்கி நடந்திருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்போம் சார்," என்றான் கன்னியப்பன், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "ஆவாரம்பேட்டைல செத்துப் போறதுக்குக் கத்தி எதுக்கு? ஒரு மூச்சு நல்லா இழுத்தா போதும்."

துப்பறியும் ஜெயகரன் சிரிக்கவில்லை. போலீஸ் இன்ஸ்பெக்டர் வேலையை உதறிவிட்டு வேலூரில் தனியாகத் துப்பறிகிற மனிதர் அவர். நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டிக்கொண்டிருந்த கன்னியப்பனை எதற்காகக் கூட வைத்திருக்கிறார் என்று கேட்டால், "நான் பேசினால் ஜனங்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள், இவன் பேசினால் திறக்கிறார்கள்" என்பார்.

அவர் ஜட்காவின் பின்பக்கத் திரையை விலக்கி வெளியே பார்த்தார். பட்டை வண்டியின் மாடு கையெட்டும் தூரத்தில் அசை போட்டுக்கொண்டிருந்தது.

"ஓவர்சீயர் சுந்தரமூர்த்தியும் இதே இடத்துலதான் மாட்டிக்கிட்டிருக்கார்," என்றார். "இதே மாதிரி திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கார்."

போன வெள்ளிக்கிழமை நடந்த கொலை அது. ரோட்டு ஓவர்சீயர் சுந்தரமூர்த்தி வேலூரிலிருந்து ரயிலில் வந்து, ஆவாரம்பேட்டை ஸ்டேஷனில் குர்ஷித்தின் ஜட்காவில் ஏறினார். பாலத்துக்கு அப்பால் இருக்கிற தாலூகா போர்டு ஆபீசுக்குப் போக வேண்டும். கல்பாலத்தில் ஜட்கா சிக்கிக்கொண்டது. குர்ஷித் கீழே இறங்கிக் குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெரிசல் விட்டதும் ஏறி ஓட்டினான். ஆபீஸ் வாசலில் பியூன் திரையை விலக்கியபோது ஓவர்சீயர் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தார். விலா எலும்புக்குக் கீழே கத்திக் குத்து. உயிர் இல்லை. கத்தியும் இல்லை.

ஸ்டேஷன் வாசலிலிருந்த ஜட்கா ஸ்டாண்டை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னவர் இதே ஓவர்சீயர். அன்றைக்கு எல்லார் முன்னாலும் அவரைப் பார்த்து "உன்னை ஒரு நாள் பாத்துக்குறேன்" என்று கத்தியவன் இதே குர்ஷித். சப்-இன்ஸ்பெக்டர் ஆதிகேசவனுக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. குர்ஷித்தின் மனைவி சுகரா பேகம் மட்டும் ஒப்புக்கொள்ளாமல் வேலூருக்கு ரயிலேறி, ஜெயகரன் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏய் பட்டை வண்டி! பின்னால வாங்குடா! வாங்குன்னா வாங்கு! காலி வண்டி, நீ சுவரோரமா ஒட்டி நில்லு!"

கணீரென்று ஒரு குரல். வண்டிகளுக்கு நடுவே ஒல்லியான, உயரமான மனிதன் ஒருவன் சிவப்புத் துணியை வீசிக்கொண்டு வந்தான். இத்தனை நேரம் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் கத்திய வண்டிக்காரர்கள், அவன் சொன்னதும் கயிற்றை இழுத்து மாட்டைப் பின்னால் நடத்தினார்கள். ஒரு வண்டி விலகியது. அடுத்தது விலகியது. பாலம் திறந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க சாமி, இதோ வுட்ருவேன்," என்று ஜட்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனான்.

"யாருப்பா இவரு? போர்டு ஆளா?" என்று கன்னியப்பன் ஜட்காக்காரனிடம் கேட்டான்.

"போர்டாவது ஒண்ணாவது! இருதயராஜ் அண்ணன். தோல் ஷாப்புல வேலை பாத்துட்டிருந்தாரு. போன ஐப்பசி மழையில அவரு சம்சாரம் பொன்மலருக்கு நோவு எடுத்துடுச்சி. பிள்ளை குறுக்கால கெடக்குது, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும்னு மருத்துவச்சி சொல்லிட்டா. ரயிலைப் புடிக்க வண்டியில வந்தாங்க. இந்தப் பாலத்துல மாட்டிக்கிச்சி. முன்னால போவ முடியல, பின்னால போவ முடியல. தாயும் பிள்ளையும் வண்டியிலயே..." அவன் முடிக்கவில்லை. "அன்னியிலேர்ந்து வேலைக்குப் போறதில்ல. பொழுது விடிஞ்சா இங்க வந்து நின்னுக்குவாரு. யாரு சொல்லியும் இல்ல. வண்டிக்காரங்கல்லாம் அவரு சொன்னா கேப்பாங்க."

கன்னியப்பன் மூக்கைப் பொத்தியிருந்த துண்டை இறக்கினான்.

ஜெயகரன் பாலத்தின் அக்கரையில் இறங்கி இருதயராஜிடம் போனார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

"குர்ஷித் கேசா சாமி? அவன் பண்ணியிருக்க மாட்டான். எந்தக் கோர்ட்ல வேணா வந்து சொல்றேன். அவன் குதிரைத் தலையை வுட்டு நகரவே இல்ல. நான் பாத்தேன்."

"வேற யாராவது ஜட்கா பக்கம் வந்தாங்களா?"

"யாரும் வர்ல." சொல்லிவிட்டு அவன் பாலத்துக்குத் திரும்பிப் போனான். அங்கே மறுபடியும் இரண்டு வண்டிகள் மூக்கோடு மூக்கு நின்றுகொண்டிருந்தன.

லாக்கப் கம்பிக்குப் பின்னால் குர்ஷித் தரையில் குந்தியிருந்தான். உதடு வீங்கியிருந்தது. எப்படி வீங்கியது என்று ஜெயகரன் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஆதிகேசவன் மேலே உத்தரத்தைப் பார்த்தார்.

"கத்தினது நெஜம் சாப்," என்றான் குர்ஷித். "ஸ்டாண்ட மாத்தினா சவாரி கம்மியாயிடும்னு கத்தினேன். ஆனா சவாரி ஏறின அன்னிக்கு அந்த ஓவர்சீயரு நல்லாத்தான் பேசினாரு. குதிரைக்குத் தண்ணி காட்டிட்டு மெதுவா போப்பான்னாரு. எனக்குத்தான் அவசரம். ஜும்மா தொழுகைக்குப் போவணும், சீக்கிரம் இறக்கி வுட்டுட்டுப் போயிடலாம்னு பறந்தேன்."

"ஜட்காகிட்ட யாரும் வரலையா?"

"யாரும் வர்ல சாப். எல்லாரும் அதான் சொல்றாங்க. அதனாலதான் நான் உள்ள கெடக்கறேன்."

வெளியே சுகரா பேகம் சுவரோரம் நின்றிருந்தாள். முக்காட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "நாளைக்கு வேலூர் ஜெயிலுக்குக் கொண்டு போறாங்களாம் ஐயா. அங்க போய்ட்டா அப்புறம் யாரு கேப்பா? அவரு கோவத்துல கத்துவாரு, அவ்ளோதான். குதிரைய ஒரு அடி அடிச்சதில்ல."

"நாளைக்கு மத்தியானம் வரை டயம் இருக்கம்மா," என்றார் ஜெயகரன்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த காபி கிளப்பில் கன்னியப்பன் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தான். ஜெயகரன் அதை அவன் கையிலிருந்து வாங்கி மேஜையில் கொட்டினார். ஒரு டபராவை இந்தக் கோடியிலும் ஒரு டம்ளரை அந்தக் கோடியிலும் வைத்தார்.

"டபரா ரயில்வே ஸ்டேஷன். டம்ளர் தோல் ஷாப்புகள். கடலை எல்லாம் வண்டி."

"நான் வண்டியைத் திங்கலாமா சார்?"

"கேளு. இந்த ஊர்ல ஸ்டேஷன்லேர்ந்து தோல் ஷாப்புக்கு ரெண்டு பழைய வழி. ஒண்ணு, முதல்ல செக்குத் தெரு. குறுகலான தெரு, ஆனா சின்னது. அதைத் தாண்டிட்டா அகலமான ஆத்தங்கரை ரோடு, சுத்து ஜாஸ்தி. இன்னொண்ணு, முதல்ல அகலமான பெரிய ரோடு, அதுவும் சுத்து. கடைசியில இந்தக் கல்பாலம். ஆக ஒவ்வொரு வழியிலயும் ஒரே ஒரு இறுக்கமான இடம். பாதி வண்டி இப்படிப் போச்சு, பாதி அப்படிப் போச்சு. யாரும் நிக்கலை." கடலைகளை இரண்டு பங்காகப் பிரித்து நகர்த்தினார். "ரெண்டு வருஷத்துக்கு முந்தி சர்தார் பாஷா தன் தோட்டத்து நிலத்தைத் தர்மமாக் குடுத்தார். ஓவர்சீயர் சுந்தரமூர்த்தி கோடு கிழிச்சு ஒரு புது வழி போட்டார். செக்குத் தெரு முடியிற இடத்துலேர்ந்து நேரா கல்பாலத்துக்கு."

"அப்போ ரெண்டு சுத்தும் மிச்சம். லாபம்தானே சார்?"

"ஒரு வண்டிக்கு லாபம். எல்லா வண்டியும் அந்த லாபத்தையே தேடி வந்தா?"

எல்லாக் கடலையையும் ஒரே வரிசையாகச் செக்குத் தெருவுக்குள் தள்ளினார். அங்கிருந்து புது வழி, அங்கிருந்து கல்பாலம். கடலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

"முன்னே ஒவ்வொரு வண்டியும் ஒரு இறுக்கத்தை மட்டும் தாண்டிச்சு. இப்போ எல்லா வண்டியும் ரெண்டையும் தாண்டுது. போறதும் அதே வழி, வர்றதும் அதே வழி."

"ஒருத்தனுக்குக் கூடவா பழைய வழியில போவலாம்னு தோணாது?"

"பெரிய ரோடு பக்கமா சுத்திட்டு வந்தாலும் கடைசியில அதே கல்பாலத்துல வந்து நிக்கணும். ஆத்தங்கரைப் பக்கமா சுத்தினாலும் முதல்ல செக்குத் தெருவுல நிக்கணும். எப்படியும் நின்னுதான் ஆகணும்னா எதுக்குச் சுத்துவான்? ஒவ்வொருத்தனும் தன் வரைக்கும் சரியாத்தான் யோசிக்கிறான். ஊர் மொத்தமும் சேர்ந்து மாட்டிக்குது."

கன்னியப்பன் டம்ளரைப் பார்த்தான். "ரோடு போடாம இருந்திருந்தா அந்தப் பொன்மலர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்திருப்பா."

"ஆமாம்."

"சரி சார், தெரு சரியில்ல. அதுக்கும் கத்திக்கும் இன்னா சம்பந்தம்?"

ஜெயகரன் கடலைகளில் ஒரு கைப்பிடி எடுத்து அவன் பக்கம் தள்ளினார். "இதைத் தின்னு."

கன்னியப்பன் இரண்டாவது தடவை சொல்லக் காத்திருக்கவில்லை. அவன் மென்றுகொண்டிருந்தபோது மேஜையில் நாலைந்து கடலைகளே மிச்சமிருந்தன. ஜெயகரன் அவற்றை அதே வழியில் தள்ளினார். தடங்கல் இல்லாமல் டம்ளரைப் போய்த் தொட்டன.

"குர்ஷித் எதுக்கு அவசரப்பட்டான்?"

"ஜும்மா தொழுகைக்கு..." கன்னியப்பனின் தாடை நின்றது. "சார்! வெள்ளிக்கிழமை!"

"இங்கே முக்கால்வாசி தோல் ஷாப் சாயபுமாருடையது. வெள்ளிக்கிழமை வேலை இல்லை. ஸ்டேஷன்ல தோல் ஏத்துறது இல்லை, இறக்குறது இல்லை. பட்டை வண்டி ஒண்ணு ரெண்டு, வெறகு வண்டி ஒண்ணு ரெண்டு, அவ்வளவுதான். மத்த நாள்ல நெரிசல் தானா வருது. அன்னிக்கு வர்றதுக்குக் காரணமே இல்லை. ஆனா வந்தது. குர்ஷித் இறங்கிக் குதிரையைப் பிடிக்கிற அளவுக்கு, ஒருத்தன் திரையை விலக்கிக் குத்திட்டுப் போற அளவுக்கு நின்னுது."

"யாரோ வேணும்னே நிறுத்தியிருக்கான்."

"ஆவாரம்பேட்டை வண்டிக்காரனை யார் நிறுத்த முடியும்? போலீஸ் சொன்னா கேக்க மாட்டான். போர்டு சொன்னா கேக்க மாட்டான்."

கன்னியப்பன் கையிலிருந்த கடைசிக் கடலையை மேஜையில் வைத்துவிட்டான். அதற்கு மேல் அவனுக்குத் தின்னத் தோன்றவில்லை.

"யாரும் வர்லன்னு எல்லாரும் சொன்னாங்களே சார்."

"எப்பவும் அங்கேயே இருக்கிறவனை யாரும் வந்தான்னு சொல்ல மாட்டாங்க," என்றார் ஜெயகரன். "நீ அடுத்த ரயில்ல வேலூருக்குப் போ. ஓவர்சீயர் சம்சாரம் தேவகியம்மாவைப் பார்த்து, அவர் அன்னிக்கு எதுக்கு இந்த ஊருக்குக் கிளம்பினார்னு கேட்டுக்கிட்டு வா. போர்டு ஆபீஸ்ல தெருவைப் பார்வையிட வந்தாருன்னுதான் சொல்றாங்க. எனக்கு அது போதலை. நான் வண்டிக்காரங்களைப் பார்க்கிறேன்."

மறுநாள் காலை, செக்குத் தெரு முனையில் புது வழியின் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள் காவல் நின்றார்கள்.

"இருக்கிற வழியில ஒண்ணை அடைச்சா நெரிசல் ஜாஸ்திதானே ஆகும்?" என்று ஆதிகேசவன் பத்தாவது தடவையாகக் கேட்டார். ஒரு காலத்தில் ஜெயகரனிடம் வேலை கற்றவர் என்பதால் கயிறு கட்டச் சம்மதித்திருந்தாரே ஒழிய, நம்பவில்லை.

சர்தார் பாஷா வில் வண்டியில் வந்து இறங்கினார். நரைத்த தாடி கோபத்தில் ஆடியது. "நான் அல்லா பேரால ஜனங்களுக்குக் குடுத்த வழி! யாரைக் கேட்டு அடைச்சீங்க?"

"கொஞ்ச நேரம் நின்னு பாருங்க பாஷா சாயபு," என்றார் ஜெயகரன். "அதுக்கப்புறம் நீங்களே கயிறை அவிழ்த்துடுங்க."

முதலில் வண்டிக்காரர்கள் திட்டினார்கள். குறுக்கு வழி இல்லை என்று தெரிந்ததும் பாதிப் பேர் ஸ்டேஷனிலேயே பெரிய ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மீதிப் பேர் செக்குத் தெரு வழியாக வந்து ஆற்றங்கரை ரோட்டில் இறங்கினார்கள். வெயில் ஏறுவதற்குள் கல்பாலத்தில் வண்டிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. எதிரே வருகிறவன் சற்று ஒதுங்கி நின்றால் போதும், அடுத்த மூச்சில் பாலம் காலி. யாரும் யாரையும் திட்டவில்லை.

பாஷா வெகுநேரம் பார்த்தார். அப்புறம் வண்டியில் ஏறி உட்கார்ந்து, முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

பாலத்தின் நடுவில் இருதயராஜ் நின்றுகொண்டிருந்தான். சிவப்புத் துணி கையில் தொங்கியது. வீச அவசியமில்லை. வண்டிகள் அவனைத் தாண்டிப் போயின, வந்தன. ஒன்றிரண்டு பேர் தலையசைத்துவிட்டுப் போனார்கள்.

ஜெயகரன் போய் அவன் அருகே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். ஆதிகேசவனும் கன்னியப்பனும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். விடியற்காலை ரயிலில் திரும்பியிருந்த கன்னியப்பன், வந்ததிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சுக்கூடப் பேசவில்லை.

"இவ்ளோதானா?" என்றான் இருதயராஜ். "ஒரு கயிறு. இவ்ளோதானா சாமி?"

"இவ்வளவுதான்."

"அன்னிக்கு இது இருந்திருந்தா என் பொன்மலரு..." அவன் துணியைக் கையில் சுற்றினான், அவிழ்த்தான். "அவ கத்திக்கிட்டே இருந்தா. எல்லா வண்டிக்காரனும் எறங்கி நின்னு பாத்தான். யாராலயும் ஒண்ணும் செய்ய முடியல. அப்புறம் கத்தல."

ஜெயகரன் அவனைப் பேச விட்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "துணி புதுசா இருக்கே. பழசு எங்கே இருதயராஜ்?"

இருதயராஜ் துணியை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை பட்டை வண்டிக்காரனைப் பாலத்து நடுவுல நிக்கச் சொன்னது நீ. எதிரே வந்த வெறகு வண்டியைப் பின்வாங்காதேன்னு சொன்னதும் நீ. ரெண்டு பேரும் நேத்து என்கிட்டே சொன்னாங்க. அண்ணன் நிறுத்தினாரு, நின்னோம்னாங்க. அவங்களுக்கு அதுல ஒண்ணும் தப்பாத் தெரியலை."

இருதயராஜ் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓட மாட்டான் என்று ஜெயகரனுக்குத் தெரிந்தது. ஓட நினைத்தவன் இத்தனை நாளில் ஓடியிருப்பான்.

"கொல்லணும்னு நிறுத்தல சாமி," என்றான் கடைசியில். "அந்த ஓவர்சீயரு வர்றான்னு ஊரெல்லாம் பேச்சு. வழி தொறந்த அன்னிக்கு மாலை போட்டுக்கிட்டு நின்னவன். அவனும் இங்க கொஞ்சம் நிக்கட்டும்னுதான் நெனச்சேன். முன்னால போவ முடியாம, பின்னால போவ முடியாம நின்னா எப்படி இருக்கும்னு அவனுக்கும் தெரியட்டும்னு. சாஞ்ச மூட்டையோட கயிறு அறுக்கறதுக்கு இடுப்புல எப்பவும் கத்தி இருக்கும். அதைத் தொடணும்னு கூட நெனக்கல."

"அப்புறம்?"

"அவன் மூஞ்சியப் பாக்கணும்னு திரைய வெலக்கினேன். பாதி திரும்பிப் பாத்தான். ஏம்பா, இங்க இருதயராஜ்னு ஒருத்தர் இருக்காராமே, எங்க இருப்பாருன்னு என்கிட்டயே கேட்டான். ஜட்காக்காரங்களத் தொரத்தின மாதிரி இந்த எடத்துலேர்ந்து என்னையும் தொரத்தத்தான் தேடுறான்னு நெனச்சேன். அவ செத்த எடம் சாமி இது. இதையும் புடுங்க வந்துட்டான்னு..." அவன் நிறுத்தினான். "கத்திய வெளியே எடுத்தப்பறம்தான் எனக்கே தெரிஞ்சிது. துணியில சுத்தி ஆத்துமணல்ல பொதச்சிட்டேன்."

ஆதிகேசவன் ஓரடி முன்னால் வந்தார். ஜெயகரன் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"குர்ஷித்?"

"அவனைப் புடிப்பாங்கன்னு நெனக்கவே இல்ல. ஒவ்வொரு நாளும் போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்தேன். நான் போய்ட்டா இந்தப் பாலத்துல யாரு நிப்பாங்க? அடுத்த பொம்பளை வண்டியில வந்தா? அதையே நெனச்சிக்கிட்டு நாளைக் கடத்திட்டேன்." வண்டிகள் நிற்காமல் போகிற பாலத்தைக் காட்டினான். "இனிமே போலாம். அவனை வுட்ருங்க."

சிவப்புத் துணியை மடித்துச் சுவர் மேல் வைத்தான். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான். ஆதிகேசவன் விலங்கை மாட்டும்போது, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்தவன் போல ஜெயகரன் பக்கம் திரும்பினான்.

"சாமி, அந்தாளு என்னை எதுக்குத் தேடினான்?"

கன்னியப்பன் சட்டென்று ஜெயகரனைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையை அசைத்தான்.

பாலத்தின் மேல் ஒரு வண்டி போயிற்று. இன்னொன்று வந்தது.

"பொன்மலர் செத்துப்போன சேதி அவர் காதுக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் எட்டியிருக்கு," என்றார். "அதுலேர்ந்து அவருக்குத் தூக்கம் இல்லையாம். வீட்டுக் கூடத்துல சுண்ணாம்புக்கட்டியால இந்த ஊர்த் தெருவையெல்லாம் கோடு போட்டு, புளியங்கொட்டைய வண்டியா வெச்சு நகர்த்திக்கிட்டே இருப்பாராம். ஒரு நாள் சம்சாரத்தைக் கூப்பிட்டு, நான் போட்ட வழிதான் அந்தப் பெண்ணைக் கொன்னுடுத்துன்னு அழுதிருக்கார். அந்த வழியை அடைக்கச் சொல்லத்தான் வெள்ளிக்கிழமை வந்தார். போர்டுகிட்ட பேசறதுக்கு முன்னாடி அந்தப் பெண்ணோட புருஷனைப் பார்க்கணும், அவர் கால்ல விழணும்னு சொல்லிட்டுக் கிளம்பியிருக்கார்."

இருதயராஜ் புரியாதவன் போல அவர் வாயையே பார்த்தான். பிறகு பாலத்தின் கல்லில் உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. விலங்கு மாட்டிய கைகளைத் தூக்கி இரண்டு காதையும் பொத்திக்கொள்ளப் பார்த்தான். சங்கிலி அவ்வளவு நீளம் வரவில்லை. ஒரு காதைத்தான் பொத்த முடிந்தது.

இரண்டு கான்ஸ்டபிள்கள் தூக்கி நடத்திக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் குர்ஷித்தை விட்டுவிட்டார்கள். சுகரா பேகம் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே அழுதாள். யார் செய்தது என்று கேட்டபோது ஆதிகேசவன் சொன்னார். குர்ஷித் வீங்கிய உதட்டைத் தடவிக்கொண்டு, "பொன்மலர் அக்காவைக் குழிக்குத் தூக்கிக்கிட்டுப் போனதுல நானும் ஒருத்தன்," என்று மட்டும் சொன்னான். புது வழியின் முனையில் பாஷாவின் ஆட்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இருட்டுவதற்குள் சுவர் எழும்பிவிட வேண்டும் என்பது அவர் உத்தரவு.

ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் கன்னியப்பன் வெகுநேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சொல்லாம இருந்திருக்கலாம் சார்," என்றான். "தப்பை ஒத்துக்கிட்டான், கையை நீட்டினான், குர்ஷித்தைக் காப்பாத்தினான். தூக்குக்கயிறு வரைக்கும் அவன் அந்தாளைத் திட்டிக்கிட்டாவது போயிருப்பான். அதையும் புடுங்கிட்டீங்களே."

"கேட்டானே கன்னியப்பா."

"எதுக்குத் தேடினார்னு தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல? ஒரு பொய். பபூன் வேஷத்துல நான் எவ்ளோ சொல்லியிருக்கேன்."

ஜெயகரன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் ஒரே நாளில் வயதாகியிருந்தது.

"அதைச் சொல்றதுக்குன்னே ஒருத்தர் வேலூர்லேர்ந்து ரயிலேறி இந்த ஊர் வரைக்கும் வந்தார்," என்றார். "அவரைச் சொல்லவிடலை. நானும் சொல்லலைன்னா, அவர் வந்ததே இல்லைன்னு ஆயிடும்."

கன்னியப்பன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். தூரத்தில் வேலூர் ரயிலின் புகை தெரிந்தது. அது வந்து நின்றதும் இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள்.